கேப்டனைப் பெட்டியில் போட்ட பத்து நாள்

ஆறுமுகநயினாருக்குக் குரு அமைந்தது அறுபதாவது வயதில். குருவுக்கு அப்போது வயது முப்பத்தாறு.

நயினார் முப்பது வருஷம் சரக்குக் கப்பல்களில் என்ஜினியராக இருந்தவர். ஓய்வு பெற்றுத் தூத்துக்குடி வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், கடலில் கொஞ்சத்தையாவது வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று ஆசை வந்தது. கூடத்தில் ஆறடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி கட்டினார். பம்பு, குழாய், வடிகட்டி எல்லாம் தன் கையாலேயே பொருத்தினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. விட்ட கடல்மீன் அத்தனையும் மூன்றாவது வாரம் செத்து மிதந்தன.

ரெக்ஸ்லினைப் பற்றி யாரோ சொன்னார்கள். கடல்மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் தொழில். வந்தாள், தண்ணீரில் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தண்ணி நல்லா இருக்கு சார். நீங்கதான் அவசரமா இருக்கிய."

மறுநாள் காலையில் வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டை ஏந்திக்கொண்டு நயினார் அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். தனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். ரெக்ஸ்லின் சிரித்துவிட்டாள். ஆனாலும் தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரித்தாள்.

"எனக்குப் பாடம் நடத்தத் தெரியாது சார். கேட்டியன்னா ஏதாவது செஞ்சு காட்டுவேன். பாத்துக்கிடுங்க."

அன்று முதல் அவள் அவருக்கு டீச்சர். என்ஜின் அறையில் இருபது பேரை ஒரு சொல்லில் ஓடவைத்தவர், அவள் முன்னால் கைகட்டி நின்றார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மாணவர்தான். மூன்று வருஷத்தில் அவர் தொட்டியில் பாறைகளின் மேல் பவளம் படர்ந்தது.

அந்தத் தொட்டியில் முதன்முதலில் பிழைத்த மீன் கட்டைவிரல் அளவு நீலக் குஞ்சு ஒன்று. அதற்குக் கேப்டன் என்று பெயர் வைத்தார். கப்பலில் கேப்டன்கள் அவரைப் படுத்திய பாட்டுக்கு, ஒரு கேப்டனாவது தன் கையில் வாங்கித் தின்னட்டும் என்று வைத்த பெயர். கேப்டனும் தின்றது. விரலை விட்டால் ஓடி வந்து முத்தமிடும். மற்ற மீன்களைப் பாறைப் பக்கம் அண்ட விடாது. நயினாருக்கு அதுவும் பெருமைதான்.

கேப்டன் வந்து மூன்று வருஷம் ஆனபோது வீட்டுக்கு இரண்டு பேர் புதிதாக வந்தார்கள். முதலில் கோமதி. பிறகு ஒரு மீன்.

நயினாரின் முதல் மனைவி போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது. பெங்களூரில் இருக்கும் மகள்தான் விடாப்பிடியாக நின்று, சங்கரன்கோவிலில் கோமதியைப் பார்த்துப் பேசி முடித்தாள். ஐம்பத்திரண்டு வயது. பெண்கள் கல்லூரி ஒன்றில் இருபத்தாறு வருஷம் நூலகர். தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது கல்யாண வயது கடந்திருந்தது. தை மாதம் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மேளமில்லை, மறுவீட்டு விருந்தில்லை. இந்த வயதில் அதெல்லாம் எதற்கு என்று சொன்னது நயினார்தான்.

முன் அறையைக் கோமதிக்கென்று ஒதுக்கிக் கொடுத்தார். புது ஏசி, புது டிவி, சாய்ந்துகொள்ள ஒரு நாற்காலி.

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். இத்தனை நாள் உழைச்சது போதும். உக்காருங்க" என்றார்.

மனதாரத்தான் சொன்னார். காலை ஐந்தரைக்கு அவரே காப்பி போட்டு அறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். எட்டு மணிக்குப் பலகாரம். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. ஒரு நிமிஷம் முன்பின் ஆகாது.

அவருடைய சமையலறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பத்தொரு டப்பா, அத்தனையிலும் அவர் கையெழுத்தில் பெயர் ஒட்டியிருக்கும். சுவரில் கரண்டி, சல்லடை, இடுக்கி, தோசைத் திருப்பி எல்லாம் ஆணியில் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதே வடிவத்தை நிழல்போலச் சுவரில் கறுப்புப் பெயிண்டால் வரைந்து வைத்திருந்தார். என்ஜின் அறையில் ஸ்பானர்களுக்கு அப்படித்தான் வரைந்திருப்பார்கள். எது இடத்தில் இல்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

வந்த புதிதில் கோமதி ஒருநாள் பாத்திரம் கழுவி, குழம்புக் கரண்டியை இடுக்கியின் நிழலில் மாட்டிவிட்டார். நயினார் சிரித்துக்கொண்டே எடுத்து, அதன் இடத்தில் மாட்டினார். இன்னொரு நாளும் அப்படியே. மூன்றாவது தடவைக்குப் பிறகு கோமதி சமையலறைப் பக்கம் வரவில்லை.

"வசதியா இருக்கா?" என்று தினமும் கேட்பார்.

"இருக்குங்க."

அதற்கு மேல் பேச்சு வளராது. தட்டில் பாதிச் சாப்பாடு மிச்சமிருக்கும்.

நாலு மாதத்தில் கோமதி வாய்திறந்து ஒரே ஒரு பொருளைத்தான் கேட்டார். மீன் கடைக்குக் கூடப் போயிருந்தபோது ஒரு தொட்டியின் முன்னால் நின்றுவிட்டார். விரல் நீளத்தில் ஒரு மீன். முன்பாதி வெள்ளை, வால் பக்கம் போகப் போக நெருப்பு நிறம், முதுகில் கொடிபோல ஒற்றை முள். இலை அசைந்தால்கூடப் பொந்துக்குள் ஓடிவிடும் ஜாதி.

"இது நல்லா இருக்கே" என்றார் கோமதி.

நயினார் அன்றே அதை வாங்கி வந்தார். அதற்கென்று கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பலகையை அறுத்து, தண்ணீர் போய்வரத் துளைகள் போட்டு, ஒன்றரை அடியில் ஒரு பெட்டி செய்தார். பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு மீனை அதற்குள் விட்டார். பழைய மீன்கள் பார்க்கலாம், தொட முடியாது. ஒரு வாரம் அப்படி வைத்து, ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்ததும் திறந்துவிடச் சொல்லியிருந்தாள் டீச்சர்.

எட்டாம் நாள் திறந்துவிட்டார். பத்து நிமிஷத்தில் கேப்டன் அதை மூலைக்கு மூலை துரத்த, அது மேலே எம்பி மூடியிருந்த வலையில் மோதி விழுந்தது. திரும்பப் பெட்டிக்குள் போட்டார். இன்னொரு தடவை திறந்தார். அப்போதும் அதேதான். மூன்றாவது தடவை வால் கிழிந்தது. அதன் பிறகு திறக்கவே இல்லை. வேளாவேளைக்கு இறால் சீவிப் பெட்டிக்குள் போட்டார். மீன் அடியில் ஒண்டிக்கொண்டு கிடந்தது.

ஐந்து வாரம் போயிற்று. கோமதியின் தம்பி குத்தாலிங்கம் போன் பண்ணினார். ஞாயிற்றுக்கிழமை வந்து அக்காவை ஒரு பத்து நாள் ஊருக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். தாராளமாக என்றார் நயினார்.

வியாழக்கிழமை காப்பி கொடுக்க முன் அறைக்குப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கட்டிலில் இரண்டு பெட்டிகள் திறந்து கிடந்தன. ஊரிலிருந்து வந்தபோது கொண்டுவந்த அதே இரண்டு பெட்டிகள். அலமாரியில் கோமதி தினமும் ஏற்றும் சின்னப் பித்தளைக் காமாட்சி விளக்கு அங்கே இல்லை. பழைய புடவையில் சுற்றி ஒரு பெட்டியின் ஓரத்தில் வைத்திருந்தார்.

பத்து நாளுக்கு யாரும் விளக்கை எடுத்துக்கொண்டு போவதில்லை. காப்பியை வைத்துவிட்டு வெளியே வந்தார். என்ன குறை வைத்தோம் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அதைக் கோமதியிடமே கேட்கவும் வாய் வரவில்லை. அதனால் டீச்சருக்குப் போன் பண்ணி, மீனைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ரெக்ஸ்லின் வந்தாள். தொட்டியின் முன்னால் குனிந்து நின்றாள்.

"இதுக்கு நான் என்ன குறை வச்சேன் டீச்சர்?" என்றார் நயினார். "தனி இடம் குடுத்திருக்கேன். ஒருத்தரும் தொட முடியாது. நேரத்துக்குச் சாப்பாடு. இன்னும் ஒண்டிக்கிட்டே கிடக்கு. எப்படி இதோட பயத்தைப் போக்குறது?"

"சாப்பிடுதா?"

"கொஞ்சம்."

"இது யாரு கேட்ட மீனு?"

"கோமதி."

"அக்கா எங்க?"

"உள்ள இருக்காங்க. தொந்தரவு பண்ண வேண்டாம்னு..."

ரெக்ஸ்லின் முன் அறைக் கதவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். சின்ன வலையை எடுத்துக்கொண்டு கையைத் தண்ணீருக்குள் விட்டாள்.

"கேப்டனைக் கூப்பிடுங்க."

நயினார் ஒரு துண்டு இறாலை விரலில் பிடித்துக் காட்டினார். கேப்டன் வழக்கம்போல ஓடி வந்தது. விரலைத் தொடுவதற்கு முன்னால் வலைக்குள் இருந்தது. ரெக்ஸ்லின் பெட்டியைச் சாய்த்துப் புதுமீனைத் தொட்டிக்குள் விட்டாள். கேப்டனைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

நயினாருக்கு முகம் மாறிவிட்டது.

"டீச்சர், அது என்ன தப்பு செஞ்சது? அது அதோட வீடு."

"ஆமா சார்."

"மூணு வருஷமா இருக்கு."

"ஆமா."

"பெட்டியப் புதுசுக்குன்னு செஞ்சது."

"நல்லாத்தான் செஞ்சிருக்கிய" என்றாள். இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, கேப்டனின் பொந்துக்கு மேலிருந்த பாறையைப் பெயர்த்து இடப்பக்கம் வைத்தாள். இன்னொன்றைத் திருப்பிப் போட்டாள்.

"அந்தக் கல்லு அங்கன இருந்தாத்தான் தண்ணி ஓட்டம் சரியா இருக்கும். அளந்து வச்சது டீச்சர்."

"இருக்கும் சார்." மூன்றாவது பாறையையும் நகர்த்தினாள்.

நயினார் பெட்டியின் பக்கம் குனிந்தார். கேப்டன் பெட்டிச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளைக்கு?"

"பத்து நாள்."

"செத்துராதா?"

"சாகாது. கோவப்படும்."

"பெட்டிய எப்ப எடுக்கணும்?"

"சாப்பிட்டா எடுத்திரலாம். அது நெனச்ச நேரத்துல இல்ல. நாம குடுக்கிற நேரத்துல, குடுக்கிறதை." கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாள்.

அன்று முழுக்க நயினார் தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். புதுமீன் ஒரு மணி நேரம் பாறைக்கு அடியில் இருந்தது. மத்தியானம் ஒரு சாண் வெளியே வந்தது. சாயங்காலம் அவர் பக்கத்தில் யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. கோமதி. தானே நாற்காலி கொண்டுவந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"கொடியை ஆட்டுதே" என்றார் கோமதி.

புதுமீன் கேப்டனின் பழைய பொந்து வாசலில் நின்று, முதுகு முள்ளை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருந்தது.

"எங்க லைப்ரரிக்குப் புதுசா வர்ற பிள்ளைங்க, மொத வாரம் கதவுகிட்ட இருக்கிற நாற்காலியிலதான் உக்காரும்" என்றார் கோமதி. மீனைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். "எடுத்த புத்தகத்தை அப்படியே பத்திரமா எடுத்த இடத்திலயே வைக்கும்."

"அப்புறம்?"

"ஒருநாள் எதையாவது இடம் மாத்தி வச்சிட்டுப் போவும். சரி, இனிமே இந்தப் பிள்ளை தினம் வரும்னு நெனச்சுக்கிடுவேன்."

"மாத்தி வச்சதை நீங்க எடுத்துச் சரியா வச்சிருவீங்கள்லா?"

"அன்னைக்கு வைக்க மாட்டேன்."

நயினார் திரும்பிச் சமையலறைப் பக்கம் பார்த்தார். கதவு வழியே சுவர் தெரிந்தது. ஒவ்வொரு கரண்டியும் தன் நிழலின் மேல் கச்சிதமாகத் தொங்கியது. எழுந்து போய்க் காப்பி போட வேண்டிய நேரம், எழுந்திருக்கவில்லை.

"பாவம், அதுக்கு ஒண்ணும் புரியல" என்றார் கோமதி, பெட்டிக்குள் இருந்த கேப்டனைக் காட்டி.

"ஆமா. பாவம்" என்றார் நயினார்.

ஞாயிற்றுக்கிழமை குத்தாலிங்கம் காரோடு வந்தார். கோமதியின் பெட்டிகள் இரண்டும் வாசலுக்கு வந்தன. அந்த நேரம் பார்த்து நயினார் சலவைச் சட்டையும், கப்பலுக்குப் போகும்போது கொண்டுபோகும் பழைய பையுமாக உள்ளேயிருந்து வந்தார்.

"தம்பி, கூட்டிட்டுப் போக வந்திய. என்னைக் கூட்டிட்டுப் போங்க."

குத்தாலிங்கம் அந்தப் பையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா நயினாரைப் பார்த்தார்.

நயினார் சாவிக்கொத்தைக் கோமதியிடம் நீட்டினார்.

"வீட்டைப் பாத்துக்கிடுங்க. மீனுக்குச் சாப்பாடு போடணும். பெட்டியில கிடக்கிறதுக்கும் போடணும். நான் பத்து நாள் கழிச்சு வரட்டுமா?"

இந்த வீட்டுக்கு வருவதற்கு அவர் யாரிடமும் உத்தரவு கேட்டதில்லை. கேட்டுவிட்டு நின்றார். பயமாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்ய? சரி என்று சொல்லிவிட்டு, நாலாம் நாள் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால் என்ன செய்ய?

கோமதி சாவிக்கொத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"எது எந்தக் கதவுக்குன்னு எழுதலையே."

"எழுதல."

கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார். வாங்க என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கார் தெருமுனை திரும்பும்வரை நயினார் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனார். வாசலில் அந்த இரண்டு பெட்டிகளும் அப்படியே இருந்தன.

சங்கரன்கோவிலில் மாப்பிள்ளைக்கு ராஜ உபசாரம். குத்தாலிங்கத்தின் மனைவி நல்ல மனுஷி. மாடி அறையை ஒழித்துக் கொடுத்து, காற்றாடியும் டிவியும் வைத்தாள். நயினார் குடித்த டம்ளரைக் கழுவப் போனால், சிரித்துக்கொண்டே கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்க அண்ணாச்சி. ஒண்ணும் செய்ய வேண்டாம்."

காய் நறுக்கட்டுமா என்றார். ஐயோ நல்லாயிருக்கே என்றாள். ஒழுகும் குழாயைச் சரிசெய்யலாம் என்று பார்த்தார். அதற்கு ஆள் வந்தது. மூன்றாம் நாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே கால். வெகு நேரம் கழித்துப் பார்த்தார். பத்து இருபது. அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"சாப்பாடு பிடிக்கலையா அண்ணாச்சி? வசதியா இருக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இருக்கும்மா" என்றார் நயினார். சொன்னதும் அந்தக் குரல் யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார்.

தினமும் போன் பண்ண வேண்டும்போல இருந்தது. பண்ணவில்லை. ஆறாம் நாள் முடியாமல் பண்ணினார்.

"கேப்டன் சாப்பிடுதா?"

"இன்னைக்குக் காலையில இருந்து சாப்பிடுது" என்றார் கோமதி. போனை வைக்கப் போனவர், "வெயில் பாத்து வாங்க" என்றார். நயினார் அந்த இரண்டாவது வாக்கியத்தை நாலு நாள் மனதுக்குள் வைத்திருந்தார்.

பத்தாம் நாள் பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தார். சாவி கையில் இல்லை. தன் வீட்டு வாசலில் நின்று அழைப்பு மணியை அழுத்தினார். உள்ளே சத்தமில்லை. இன்னொரு தரம் அழுத்தலாமா, அது மரியாதையாக இருக்குமா என்று யோசித்துக்கொண்டே வியர்வையைத் துடைத்தார். கதவு திறந்தது.

"வாங்க" என்றார் கோமதி.

கூடத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்காலி புதிதாக வந்திருந்தது. அதன்மேல் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நயினார் செருப்பைக் கழற்றிய இடத்திலேயே அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கை கால் கழுவிட்டு வாங்க. சாப்பாடு இன்னும் ஆகல."

மணி பன்னிரண்டரை தாண்டியிருந்தது. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனார். டம்ளர் வைக்கும் இடத்தில் பருப்பு டப்பா இருந்தது. சுவரைப் பார்த்தார். குழம்புக் கரண்டி இடுக்கியின் நிழலில் தொங்கியது. தோசைத் திருப்பியின் நிழலில் ஒன்றுமே இல்லை. சல்லடையைக் காணவே காணோம். கை பரபரத்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"டம்ளர் எங்க இருக்கு கோமதி?" என்று கேட்டார்.

கோமதி எடுத்துக் கொடுத்தார்.

ஒன்றே காலுக்கு இலை போட்டார். தேங்காய்ப்பால் மணக்கும் சொதி, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. அவர்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டுக்கு வரும் புது மாப்பிள்ளைக்குப் போடும் விருந்து அது.

"அன்னைக்குப் போடலையே" என்றார் கோமதி.

நயினார் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

சாயங்காலம் ரெக்ஸ்லின் வந்தாள். தொட்டியில் புதுமீன் நட்டநடுவில் நின்று கொடியை ஆட்டிக்கொண்டிருந்தது. கேப்டன் பெட்டிக்குள் சத்தமில்லாமல் இருந்தது. கோமதி ஒரு துண்டு இறாலைப் போட, மேலே வந்து வாங்கிக்கொண்டது.

நயினார் வழக்கம்போலக் கைகட்டி நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"வெளிய விட்டா இது திரும்பவும் பழைய கேப்டனா ஆயிராதா?"

ரெக்ஸ்லின் மீனைப் பார்க்கவில்லை. சமையலறைச் சுவரைப் பார்த்தாள். தப்பான நிழலில் தொங்கிய கரண்டியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சாப்பிட்டியளா சார்?"

"சாப்பிட்டேன். சொதி."

"எத்தனை மணிக்கு?"

"ஒண்ணே காலுக்கு."

"போதுமா இருந்துச்சா?"

"ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன் டீச்சர்."

ரெக்ஸ்லின் சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.

"அப்ப பெட்டிய எடுத்திரலாம்."